டர்ன்-பேஸ்டு கேம்களுக்குப் புதியவரா? பெரிய பெயரில் தொடங்காதீர்கள்

"டர்ன்-பேஸ்டு ஆர்பிஜி ஒன்று ஆடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், எதில் தொடங்கட்டும்?" என்று கேட்டால் இப்போதெல்லாம் உடனே வரும் பதில் பால்டர்ஸ் கேட் 3. (டர்ன்-பேஸ்டு என்றால் சதுரங்கம் போல நீங்களும் எதிரியும் முறை வைத்து நகர்வது; ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரத்தை ஏற்று அதை வளர்த்து ஆடும் கேம்.) அருமையான கேம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த வகையைத் தொட்டே பார்க்காதவர் அதைத் திறந்தால், ஆட்டம் தொடங்கும் முன்னரே பன்னிரண்டு கிளாஸ் (போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகள்), அவற்றுக்குள் உட்பிரிவு, ஆறு திறன் எண்கள், மந்திரப் பட்டியல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எதைத் தேர்ந்தால் பின்னால் என்ன ஆகும் என்று தெரியாமலே ஒரு மணி நேரம் போய்விடும். முதல் பெரிய சண்டையில் தோற்றதும் "இது நமக்குச் சரிப்படாது" என்று மூடிவிடுவார்கள். அதில் கேமின் குற்றம் எதுவுமில்லை, ஆடிய வரிசைதான் தப்பு.

கீழே சொல்வது எனக்குச் சரியாகப் படும் வரிசை. ஒவ்வொரு கேமிலும் ஒரே ஒரு புதுப் பழக்கம் கைக்கு வரும். அதோடு அடுத்ததற்குப் போனால் பால்டர்ஸ் கேட் 3 பயமுறுத்தாது.

வாங்கும் முன்: எந்த வகை என்று பாருங்கள்

டர்ன்-பேஸ்டு என்ற ஒரே பெயரில் வேறுவேறு சரக்கு விற்கிறது. இந்தக் கட்டுரையில் வருவது டாக்டிகல் வகை. களத்தில் ஆட்களை நகர்த்துவீர்கள், யார் எங்கே நிற்கிறார் என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். இன்னொரு வகையில் இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நிற்கும், இடத்துக்கு மதிப்பில்லை, யாரை எதால் அடிப்பது என்பதுதான் கணக்கு. பெர்சோனா 5 ராயல், டிராகன் குவெஸ்ட் 11 அந்த ரகம். 2025-இல் வந்த பிரெஞ்சு கேமான கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33-ம் அப்படித்தான். ஆனால் அதில் எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனைத் தட்டித் தடுக்க வேண்டும். நிதானமாக யோசித்து ஆடலாம் என்று நம்பி வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது வகையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பால்டர்ஸ் கேட் 3 பிடித்துப்போய், 1998-இல் வந்த முதல் பாகத்தையும் 2000-இல் வந்த இரண்டாவதையும் வாங்குவார்கள். அவை டர்ன்-பேஸ்டே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சண்டை போடுவார்கள், ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்திக் கட்டளை கொடுக்க வேண்டும். 2015-இல் வெளிவந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியும் அந்த முறையில் வந்ததுதான். ஆகவே ஸ்டீம் என்ற இணைய கேம் கடையின் பக்கத்தில் படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஐந்து நிமிடம் யாராவது ஆடும் வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இந்த கேம்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் ஆட வேண்டும். சிலவற்றில் ஒரு நாவல் அளவுக்கு எழுத்து இருக்கும். அது சுமையாகத் தோன்றினால் முதல் இரண்டு படிகளிலேயே வேண்டிய மட்டும் இருக்கலாம், தப்பில்லை. அப்புறம் பணம். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். அந்த இரண்டு மணி நேரத்தைச் செட்டிங்ஸைக் குடைவதில் கழிக்காமல் ஒரு சண்டையாவது போட்டுப் பாருங்கள். அவசரமில்லை என்றால் விலைக்குறைப்புக்குக் காத்திருங்கள். நான்கைந்து வருடம் பழையதான கேம்கள் அப்போது மிக மலிவாகக் கிடைக்கும், இந்த வகையில் பழசு என்பதால் சுவை குறைவதும் இல்லை.

முதல் படி: எல்லாம் கண்முன் தெரியும் கேம்

இன்டு தி பிரீச். 2018-இல் சப்செட் கேம்ஸ் வெளியிட்டது. எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், உங்களிடம் மூன்று ராட்சத இயந்திரங்கள், தரைக்கடியிலிருந்து கிளம்பும் பூச்சிகள், காப்பாற்ற வேண்டிய கட்டடங்கள். அவ்வளவுதான் களம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் ஓடும், எழுத்தும் குறைவு.

இதன் சூட்சுமம் ஒன்றே. எதிரி முதலில் நகர்ந்து, தான் எந்தக் கட்டத்தை அடிக்கப் போகிறது என்பதைக் காட்டிவிடும். பிறகு உங்கள் முறை. அதன் பின்தான் அந்த அடி விழும். ஆகவே எதிரியைக் கொல்வதைவிட, ஒரு கட்டம் தள்ளிவிடுவதே பல சமயம் மேல். தள்ளியதும் அதன் அடி கட்டடத்தின் மேல் விழாமல் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பூச்சியின் மேல் விழும். தண்ணீருக்குள் தள்ளினால் பறக்காத பூச்சிகள் பெரும்பாலும் மூழ்கியே போகும். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இந்த அவஸ்தை பழக்கமானது: எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, மறைவாக எதுவும் இல்லை, ஆனாலும் எந்தக் காயைத் தொடுவது என்று பத்து நிமிடம் கை நகராது.

ஆடும்போது இந்த முறையைப் பின்பற்றுங்கள். முறை வந்ததும் எதையும் தொடாதீர்கள். ஒவ்வொரு எதிரியின் மேலும் மவுஸை வைத்து, அது எதை அடிக்கும் என்று பாருங்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டால் எது இடியும் என்று கணக்குப் போடுங்கள். அப்புறம்தான் முதல் நகர்வு. ஆயுதத்தைப் பயன்படுத்தும்வரை நகர்வைத் திரும்பப் பெறலாம். அதற்கு மேல் ஒரு சண்டைக்கு ஒரு தடவை முழு முறையையும் திரும்ப ஆட அனுமதி உண்டு. நான்கு தீவுகள் இருந்தாலும் இரண்டை முடித்ததும் கடைசிச் சண்டைக்குப் போகலாம். புதியவர்கள் இரண்டோடு போவதே நல்லது. தோற்றால் இயந்திரத்தை ஓட்டும் பைலட்டுகளில் ஒருவரை மட்டும் அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாம்.

'இதில் ஆர்பிஜி எங்கே?' என்று கேட்கலாம். நியாயம்தான், கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் அடிப்பதற்கு முன் படிப்பது என்ற பழக்கத்தை இதைவிட வேகமாகக் கற்றுத் தரும் கேமை நான் பார்த்ததில்லை.

காசே செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு தி பேட்டில் ஃபார் வெஸ்னாத் இருக்கிறது. 2003-இலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச ஓப்பன் சோர்ஸ் கேம், மிகப் பழைய கணினியிலும் ஓடும். அறுகோணக் கட்டங்கள், நிலத்துக்கு நிலம் தற்காப்பு மாறும், எல்ஃப் வீரனைக் காட்டுக்குள் நிறுத்தினால் எதிரியின் அடி பாதிக்கு மேல் தவறும். பகலில் சிலருக்கு பலம், இரவில் சிலருக்கு. லெவல் ஏறிய வீரர்களை அடுத்த சண்டைக்கும் அழைத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கென்றே எழுதிய தி சவுத் கார்ட் என்ற கதைத்தொடரில் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: அதிர்ஷ்டத்தோடு குடித்தனம் நடத்துவது

இங்கேதான் பலருக்குக் கோபம் வரும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேம் எக்ஸ்காம் 2, ஃபிராக்சிஸ் உருவாக்கி 2016-இல் வந்தது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடித்துவிட்டார்கள், நீங்கள் மறைந்திருந்து எதிர்க்கும் படையின் தளபதி. கணினி கொஞ்சம் பழசு என்றால் 2012-இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு அதுவே இன்னும் இதமானது என்பேன், ஏனென்றால் இரண்டாம் பாகத்தில் பல பணிகளை இத்தனை முறைக்குள் முடி என்று கழுத்தைப் பிடிக்கும்.

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு முறையில் இரண்டு செயல்: நகர்ந்து சுடலாம், அல்லது இரண்டையும் ஓடுவதற்கே செலவழிக்கலாம். சுடுவதற்கு முன் படும் வாய்ப்பு சதவீதத்தில் தெரியும். பிரச்சினை அந்த எண்ணில்தான். 95 சதவீதம் என்று பார்த்தால் மனசு 'கண்டிப்பாகப் படும்' என்று படித்துக்கொள்கிறது. இருபதில் ஒன்று தவறும் என்பதே அதன் பொருள். ஒரு பணியில் நாற்பது ஐம்பது தடவை சுடுகிறீர்கள், அப்படியென்றால் இரண்டு மூன்று தவறத்தான் செய்யும். அதே போல் 70 சதவீதத்தில் மூன்று பேர் சுட்டால், மூன்றும் படுவதற்கான வாய்ப்பு 34 சதவீதம்தான். மூன்றும் பட்டால்தான் பிழைப்போம் என்று ஒரு திட்டம் இருந்தால், மூன்றில் இரண்டு தடவை செத்துப் போவீர்கள். ஆனால் மூன்றில் ஒன்றாவது பட்டால் போதும் என்று திட்டமிட்டால் 97 சதவீதம் உங்கள் பக்கம். ஒரே துப்பாக்கி, ஒரே குறி, திட்டம்தான் வேறு. இந்தக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால் இந்த வகை கேம்கள் எல்லாமே எளிதாகிவிடும்.

தினசரி நடைமுறைக்குச் சில விதிகள். யாரையும் வெட்டவெளியில் நிறுத்தி முறையை முடிக்காதீர்கள். பாதி மறைவு எதிரியின் குறியில் 20 புள்ளியைக் கழிக்கும், முழு மறைவு 40. பக்கவாட்டில் சுற்றிப்போய் அடித்தால் அந்த மறைவு செல்லாது. ஒவ்வொரு முறையும் முதலில் கிரனேடு போன்று தவறாத ஆயுதங்களைப் பயன்படுத்துங்கள். கிரனேடு அடியும் கொடுக்கும், எதிரியின் மறைவையும் உடைக்கும், அதற்குப் பின் மற்றவர்கள் சுடும் சதவீதம் ஏறும். பிறகு, இதுதான் யாரும் சொல்லித் தராதது: எதிரிகள் உங்களைக் கவனிக்காமல் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள், உங்கள் கண்ணில் பட்டதும் விழித்துக்கொண்டு சிதறி மறைவிடம் பிடிப்பார்கள். ஆகவே புது இடத்தைத் திறக்கும் நகர்வை முறையின் முதல் ஆளோடு செய்யுங்கள். கடைசி ஆளை முன்னே அனுப்பி ஒரு கூட்டத்தை எழுப்பிவிட்டால், பதிலுக்குச் சுட உங்களிடம் ஆள் இருக்காது.

ரூக்கி என்ற மிக எளிய நிலையிலேயே தொடங்குங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். எளிய நிலைகளில் கேம் காட்டும் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே உங்களுக்குச் சாதகமாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அயர்ன்மேன் என்ற ஒற்றை சேவ் முறையை இப்போதைக்குத் தொடாதீர்கள். குண்டு தவறியதும் பழைய சேவ் ஃபைலை எடுத்து அதையே திரும்பச் சுட்டால் திரும்பவும் தவறும். பகடை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். வேறொரு நகர்வை முதலில் செய்தால்தான் முடிவு மாறும்.

செத்த வீரர் திரும்ப வரமாட்டார். வீரர்களுக்கு நண்பர்கள் பெயரை வைப்பது இந்த கேமில் வழக்கம். அப்புறம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த நண்பருக்கு இரங்கல் செய்தி அனுப்பத் தோன்றினால் நான் பொறுப்பில்லை. 2017-இல் வந்த வார் ஆஃப் தி சோசன் என்ற விரிவாக்கம் மிக நல்லது, ஆனால் முதல் சுற்றிலேயே சேர்த்தால் ஒரே சமயத்தில் நிறைய விஷயம் வந்து விழும். அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கதையும் ஆளும்

இதுவரை ஆடியவற்றில் வீரர்கள் பெயருக்குத்தான் மனிதர்கள். ஷேடோரன்: டிராகன்ஃபால் அந்தக் குறையைத் தீர்க்கும். 2014-இல் ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் செய்தது, அதே ஆண்டு வந்த டைரக்டர்ஸ் கட் என்ற பதிப்பைத் தனியாகவே ஆடலாம். கதை 2054-ஆம் ஆண்டு பெர்லினில் நடக்கிறது: கம்பெனிகளின் ஆட்சி, கணினி வலைக்குள் புகுந்து திருடுபவர்கள், கூடவே மந்திரவாதிகளும் டிராகனும். சொன்னால் சிரிப்பு வரும் கலவை, ஆடினால் நம்பும்படி இருக்கிறது. சாதாரண லேப்டாப் போதும்.

எக்ஸ்காம் போலவே மறைவு, சதவீதம், செயல் புள்ளிகள். புதிதாக வருவது உங்கள் ஆளை நீங்களே செதுக்குவது. பணிகள் முடிக்க முடிக்க கர்மா என்ற புள்ளி கிடைக்கும், அதைத் திறன்களில் போட வேண்டும். புதியவர்கள் செய்வது எல்லாவற்றிலும் ஒன்றொன்றாகப் போடுவது. அப்படிச் செய்தால் எதிலும் தேறாத ஆள்தான் மிஞ்சுவார். ஒரு ஆயுதத்தைப் பிடித்து அதையே ஏற்றுங்கள், மிச்சத்தை ஆட்களைக் கவரும் திறனான கரிஷ்மாவில் போடுங்கள். கரிஷ்மா உயர உயர எட்டிகெட் என்ற பேச்சுவழக்குகள் திறக்கும், அவற்றால் சில இடங்களில் சண்டையே இல்லாமல் பேசித் தாண்டலாம். மற்ற திறமைகளுக்கு உங்கள் கூட்டாளிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பணி முடிந்ததும் தங்குமிடத்தில் அவர்களோடு பேசுங்கள், இந்த கேமின் உயிரே அங்கேதான்.

எழுத்தைப் படிக்கப் பொறுமை இல்லை, குரலோடு வேண்டும் என்றால் இந்த இடத்தில் 2020-இல் வந்த வேஸ்ட்லேண்ட் 3 வைத்துக்கொள்ளலாம். பனி மூடிய கொலராடோ, ஆறு பேர் அணி, கறுப்பு நகைச்சுவை.

நான்காம் படி: இப்போது பெரிய கதவு

பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோஸ் செய்த இரண்டில் ஒன்று: 2017-இன் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2, அல்லது 2023-இன் பால்டர்ஸ் கேட் 3. எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் உங்கள் கணினியே தீர்மானித்துவிடும். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில். ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம் என்று போட்டிருந்தாலும் 16 இருந்தால்தான் நிம்மதி. இல்லாதவர்கள் டிவினிட்டியை எடுங்கள், ஏமாற மாட்டீர்கள். சண்டையை மட்டும் பார்த்தால் எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

டிவினிட்டியில் தரையே ஆயுதம். எண்ணெய் சிந்திய இடத்தில் தீ வைக்கலாம், மழை பெய்வித்து அணைக்கலாம், அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி நிற்பவர்களைச் செயலிழக்க வைக்கலாம். அதே தீ உங்கள் ஆட்களையும் சுடும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் உடல் கவசம், மந்திரக் கவசம் என்று இரண்டு. எந்தக் கவசம் உடைகிறதோ அந்த வகைத் தந்திரம்தான் பலிக்கும். இரண்டு பேர் வாளால் வெட்டி, இரண்டு பேர் மந்திரத்தால் அடித்தால் இரண்டு கவசமும் பாதியில் நிற்கும். ஆகவே ஆரம்பத்தில் அணி முழுவதும் ஒரே வகையில் சாய்ந்திருக்கட்டும், அல்லது ஒரு எதிரியை ஒரு வகையால் மட்டும் அடியுங்கள். மேட்டில் ஏறி நின்று அம்பு விட்டால் அடி கூடும். கிளாசிக் நிலை பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கடினமானது. எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய நிலையில் ஆடுங்கள்.

பால்டர்ஸ் கேட் 3 டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவியது. 20 முகப் பகடை, அதோடு உங்கள் கூட்டுப்புள்ளி, மொத்தம் எதிரியின் கவச எண்ணைத் தொட்டால் அடி படும். அட்வான்டேஜ் இருந்தால் இரண்டு பகடை போட்டு பெரியதை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்காமில் சதவீதத்தோடு பழகியவருக்கு இது புதிதல்ல. முதல் சுற்றுக்கு ஃபைட்டர் அல்லது பாலடின் எடுங்கள், மந்திரங்களைக் கூட்டாளிகள் பார்த்துக்கொள்வார்கள். கான்சன்ட்ரேஷன் என்று குறித்த மந்திரங்களில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்க முடியும், இரண்டாவதைப் போட்டால் முதலாவது கலையும். லாங் ரெஸ்ட் என்ற முகாம் ஓய்வை எடுக்கத் தயங்காதீர்கள். கதை அவசரப்படுத்துவது போலப் பேசும், பெரும்பாலும் அது பேச்சோடு சரி. அதோடு பல கதைக் காட்சிகள் முகாமில் தூங்கினால்தான் வரும். மூன்றாம் லெவல் வரும்வரை பெரிய சண்டைகளைத் தேடிப் போக வேண்டாம், சுற்றிப் பார்ப்பதற்கும் பேசித் தீர்ப்பதற்கும்கூட லெவல் ஏற உதவும் எக்ஸ்பீரியன்ஸ் புள்ளி உண்டு. கிளாஸ் பிடிக்கவில்லையா? ஆரம்பத்திலேயே ஒரு கல்லறைக்குள் கிடைக்கும் விதர்ஸ் என்ற எலும்புக்கூட்டு மனிதர் 100 பொற்காசுக்கு மாற்றித் தருவார்.

இரண்டு கேமிலும் எஃப்5 சேவ், எஃப்8 லோட். கதவைத் திறக்கும் முன் எஃப்5 தட்டுவது கோழைத்தனம் இல்லை.

இதற்கு மேல்

ஜப்பானியச் சுவை வேண்டுமென்றால் ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ். 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, தி ஐவலிஸ் க்ரானிக்கிள்ஸ் என்ற பெயரில் 2025 செப்டம்பரில் பிசிக்கும் வந்துவிட்டது. ஒரு ஆளுக்குப் பல தொழில்களைக் கற்றுக்கொடுத்துக் கலப்பதுதான் அதன் போதை. துப்பாக்கி, கூலிப்படை என்றால் 2023-இன் ஜாகட் அலையன்ஸ் 3. அதில் படும் வாய்ப்பைச் சதவீதத்தில் காட்டவே மாட்டார்கள், நீங்களே கணிக்க வேண்டும். இரண்டாம் படியை முடிக்காமல் அங்கே போகாதீர்கள். விதிப் புத்தகத்தையே ரசிப்பவர்களுக்கு 2021-இன் பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸ். ஒரு கிளாஸைத் தேர்ந்தெடுக்கவே ஒரு சாயங்காலம் பிடிக்கும். சண்டை முறையை டர்ன்-பேஸ்டுக்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.

பேட்டில் பிரதர்ஸைக் கடைசியாக வைக்கிறேன். 2017-இல் ஹாம்பர்க்கின் ஓவர்ஹைப் ஸ்டுடியோஸ் வெளியிட்ட இதில் வீரர்களுக்குக் கால்களே வரையவில்லை, சதுரங்கக் காய் மாதிரி மார்பளவு பொம்மைகள்தான். ஆனால் இத்தனையிலும் இரக்கமில்லாதது இதுதான். விவசாயிகளையும் திருடர்களையும் கூலிக்கு எடுத்து, சம்பளமும் சோறும் போட்டு, பன்னிரண்டு பேர்வரை களத்தில் இறக்குவீர்கள். பாதிப் பேர் முதல் மாதம் தாண்ட மாட்டார்கள். இதை ஆடுவதென்றால் மிக எளிய நிலையில் தொடங்குங்கள், முதல் காசில் கேடயமும் தலைக்கவசமும் வாங்குங்கள், ஒப்பந்தத்தில் எத்தனை மண்டை ஓடு போட்டிருக்கிறது என்று பார்த்து ஒன்று மட்டும் உள்ளதை எடுங்கள். யாருக்கும் நண்பர் பெயரை வைக்காதீர்கள்.